முதல் கவளத்து மாத்திரை

பாலக்கரை, திருச்சி
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஹாலிதுக்கு அத்தா அப்துல் சலாம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன். என் சுகத்தைப் பற்றி உன் மனைவி வஹீதா போனில் சொல்வதை நம்பாதே. நான் போனில் பேசினால் அவள் காதில் விழும். அதனால்தான் நீ வேலை பார்க்கும் தம்மாமுக்குத் திரும்பும் நஸ்ருல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் சுகருக்குப் பழைய மாத்திரை போதாதென்று அவள் டாக்டரிடம் பேசிப் புதிதாக இன்னொன்று எழுதி வாங்கியிருக்கிறாள். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு மென்று விழுங்க வேண்டுமாம். விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறாள். அன்றிலிருந்து வயிறு உப்பி, இரைந்து, காற்று பிரிந்துகொண்டே இருக்கிறது. காற்று பிரிந்தால், தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும். வாலிபத்திலிருந்து முதல் வரிசையில் நின்று தொழுதவன் நான். போன ஜும்மாவில் பாதியில் விலகி, எல்லார் முன்னாலும் வெளியே வந்து மறுபடி ஒளு செய்தேன். பள்ளிவாசல் ஹவுள் தொட்டிப் பக்கத்தில் ஒருவன், "என்ன பாய், திரும்பவுமா?" என்று சிரித்தான்.

மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை லென்ஸ் வைத்து, அகராதியைப் புரட்டிப் படித்தேன். சோற்றின் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைக் குடலிலேயே அது தடுத்து வைக்கிறதாம். செரிக்காத சோறு கீழே போய்ப் புளித்துக் காற்றாகிறதாம். தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல் இருக்க ஒரு மருந்து! நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன்தான். ரேடியோ ரிப்பேரைப் புத்தகம் பார்த்தே கற்றவன். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காந்தி மார்க்கெட்டிலிருந்து சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தேன். வாசலில் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. எதிர்வீட்டு அனுசுயா சீனித் தண்ணீர் கலந்து கொடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோன தம்ளரை வஹீதா பிடுங்கினாள். "இது வேலைக்காகாது மாமா" என்று தன் கைப்பையிலிருந்து ஏதோ வெள்ளைப் பொடிப் பொட்டலத்தை எடுத்து என் வாயில் கொட்டினாள். தெருவே பார்த்தது.

தண்ணீரையும் பாழாக்குகிறாள். ஒரு தொழுகைக்கு இரண்டு மூன்று தடவை குழாயைத் திறக்கிறாள். ஏனென்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு.

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வை. என் சோற்றை நானே பொங்கிக்கொள்வேன்.

துஆவுடன்,
அத்தா


பாலக்கரை
புதன்கிழமை

ஹாலித், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது. நேற்று மாலை நீ போனில் கத்தியது அடுத்த அறைவரை கேட்டது. வஹீதா போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து துணிகளை எடுத்தாள். இன்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்ப அனுசுயாவிடம் கொடுக்கிறேன். படிக்காமல் அனுப்புவாளாம். நான் நம்பவில்லை.

அந்த மருந்துத் தாளின் பின்பக்கத்தை நான் அப்போது படித்திருக்கவில்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் சீனி கொடுத்துப் பயனில்லையாம். மாத்திரை சீனியையும் சட்டென்று உடைய விடாதாம். குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டுமாம். சரி, டாக்டர் அவளிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. அவள் கைப்பையிலிருந்து எடுத்த அந்தக் குளுக்கோஸ் பொட்டலம் ஏற்கெனவே பாதி காலியாக இருந்தது. எனக்கு அதற்குமுன் அவள் கொடுத்ததில்லை. மீதியைத் தின்றது யார்?

நேற்றுப் பகல் கண்காணித்தேன். சாப்பிட உட்கார்ந்தவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முதல் கவளத்தோடு எதையோ வாயில் போட்டு மென்றாள். பிறகு லுஹர் தொழ நின்றாள். பாதியில் விலகிப் போனாள், குழாய் திறந்தது. வந்து நின்றாள். மறுபடியும் போனாள். அந்தத் தண்ணீர் ஏன் செலவாகிறது என்று என் வயிற்றுக்குப் புரிந்தது.

மருந்துக்கடை சின்னையாவிடம் போய், வஹீதா தனக்கும் இதே மாத்திரை வாங்குகிறாளா என்று அதட்டிக் கேட்டேன். "ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுங்க பாய், உங்க மருமகக்கிட்டயே கேளுங்க" என்றான். இல்லையென்று சொல்லவில்லை. உனக்கு எழுதலாமென்று உட்காருமுன் நீ கத்தி முடித்துவிட்டாய்.

நான் எழுதியது எழுதியதுதான். அவள் மறைக்கிறவள் என்றேன், மறைத்திருக்கிறாள். இரண்டு பேர் நோயைத் தானே சுமந்துகொண்டு, உன்னிடம் தினமும் "நல்லா இருக்கோங்க" என்று சொல்கிறவளை வேறு எப்படிச் சொல்வது? அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பெட்டிச் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. தேடட்டும். அதனோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கிறது. அது எனக்காக வாங்கியதில்லை.

நேற்று மாலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. சோற்றை நானே பொங்கிக்கொள்வேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இன்று பொங்கிவிட்டேன், இரண்டு பேருக்கு. குழைந்துவிட்டது. நான் கூப்பிட்டால் வரமாட்டாள். இதைப் பார்த்ததும் நீ வீடியோவில் கூப்பிடு. குரலை உயர்த்தாதே. தட்டின் முன்னால் உட்கார வை. முதல் கவளம் எடுக்கும்போது அவள் கையைப் பார். எப்போது ஊருக்கு வருகிறாய் என்பதை என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ண வைப்பானாக.

அத்தா