விமான நிலையத்தில் நீ சொன்ன பேர்

இந்தா புள்ள,

பரணிலிருந்து உன் பெட்டியை இன்று காலையில் இறக்கினேன். திறந்ததும் குப்பென்று மருந்துத் தூள் மணம். லண்டனில் நம் மகள் சுகந்தி பிள்ளை பெற்றதும் கறியில் போட்டுக் கொடுக்க வேண்டுமென்று மிளகு, மஞ்சள், சுக்கு, பெருங்காயம் எல்லாம் வறுத்து இடித்து, பைக்கு மேல் பை போட்டுக் கட்டி எடுத்துப் போனாயே, அதே மணம். இத்தனை நாளாகியும் பெட்டியின் உள்துணியை விட்டுப் போகவில்லை. துடைக்கவும் மனம் வரவில்லை, மூடவும் மனம் வரவில்லை. மடித்து வைத்த சட்டைகளைப் பக்கத்தில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் லண்டனுக்குப் போகப் போகிறேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும். நம் டயகமத் தோட்டத்திலிருந்து அட்டன் டவுனுக்குப் பஸ்ஸில் போனாலே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போகிற ஆள் நான். மகள் விடாமல் நின்று விசா எடுத்துவிட்டாள். ஆனால் அங்கே இறங்கியதும் ஓர் ஆபிசர் கேள்வி கேட்பாராம். பதிலில் அவருக்கு நம்பிக்கை வராவிட்டால், வந்த வழியே அனுப்பிவிடவும் கூடுமாம். அதனால் அந்தி நேரமானால் போன் எடுத்து எனக்குப் பாடம் நடத்துகிறாள். எப்படியாவது நான் உள்ளே போயாக வேண்டும், புள்ள. உன்னை அடக்கத்துக்கு எடுத்த அன்று அவளால் வர முடியவில்லை. அவளுடைய விசாப் பேப்பர்கள் அங்கே ஏதோ ஆபிசில் கிடந்தன. தம்பி மகன் பிடித்திருந்த போனுக்குள் இருந்துதான் அழுதாள். நானும் அவளும் உனக்காக இன்னும் ஒரு தடவைகூடச் சேர்ந்து அழவில்லை.

நீ லண்டனுக்குப் போனபோது இந்த ஆபிசர் உத்தியோகத்தை நான் அல்லவா பார்த்தேன். பஜாரில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, தன் மகனைப் பார்க்க லண்டனுக்குப் போய் வந்தவர், என்ன கேட்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தந்தார். "தங்கச்சி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூட ஒன்னும் பேசப்படாது" என்று உன்னிடம் இரண்டு தடவை சொன்னார். உன் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

நீ கொழுந்து பறித்துவிட்டுத் தேயிலை மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டு, அடுப்பில் கேத்தலை வைத்ததும் பரீட்சை தொடங்கும். நான் ஸ்டூலில் உட்காருவேன். நீ எதிரே வந்து நிற்பாய். தலையில் கட்டிய துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

"கையக் கட்டாத. நீ ஒன்னும் களவெடுத்துட்டுப் போகல" என்பேன்.

"அது தானா வருது. நீங்க கேளுங்க."

"எதுக்கு வந்தீங்க?"

"என் மகளுக்குப் புள்ள பொறக்கப் போவுது."

"எவ்வளவு நாளு இருப்பீங்க?"

"புள்ளைக்குத் தல நிக்கிற வரைக்கும்."

"அப்படிச் சொல்லக் கூடாது. மாசத்தச் சொல்லணும்."

"ஏன், வெள்ளக்காரன் வீட்டுப் புள்ளைக்குத் தல நிக்காதா?"

சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி ஆறிப் போகும். ஆனால் அடுத்த கேள்வி வந்ததும் உன் சிரிப்பு நின்றுவிடும். "உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து என் பேரை நீ சொன்னதில்லை. நம் லயத்து வரிசை வீடுகளில் உன் வயதுப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. சுகந்தி பிறக்கும் வரை நான் 'அவங்க'. பிறகு 'சுகந்தி அப்பா'. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உன் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். எவ்வளவு கேட்டாலும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

"மயில் மேல வருவாரே, அந்தச் சாமி கையில வச்சிருக்கிறது" என்றாய் ஒரு நாள்.

"அந்த ஆபிசருக்கு முருகனத் தெரியுமா?"

"தெரியலன்னா அவருக்குத்தான் நட்டம்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த ஒரு பேருக்காக உன்னைத் திருப்பி அனுப்பினால், பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து தவிக்குமே என்று கத்தினேன். மறுநாள் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தாய். "ஒரே ஒரு தடவ, அங்க மட்டும் சொல்றதுக்கு ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டுட்டேன். அவங்க ஆயுசுக்கு ஒன்னும் வரக் கூடாதுன்னு முடிச்சுப் போட்டிருக்கேன்" என்று சொல்லி, மஞ்சள் துணி முடிச்சொன்றைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாய். அதற்குப் பிறகும் வீட்டில் நீ சொல்லிப் பார்க்கவில்லை. உத்தரவு அங்கே மட்டும்தானாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நீ போகும்போது, "சொல்லிருவியா?" என்று கேட்டேன். "போய்ப் பாப்போம்" என்றாய். மகள் போன் எடுக்கும் வரை நான் போனைக் கீழே வைக்கவில்லை.

நீ திரும்பி வந்து அந்தக் கதையைச் சொன்னது எனக்கு வரி தவறாமல் நினைவிருக்கிறது. பெட்டியைக்கூட அவிழ்க்காமல் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாய். ஆபிசர் சின்ன வயசுக்காரராம். பேச்சை மாற்றிச் சொல்ல உனக்காக போனில் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடித்தார்களாம். யாழ்ப்பாணத்துப் பேச்சாம். "அம்மா, நீங்கள் திரும்பிப் போவீங்கள் எண்டு என்னண்டு நம்புறது எண்டு கேக்கினம்" என்று அந்தப் பிள்ளை பேசியதை நீ அப்படியே பேசிக் காட்டினாய். நானா சொன்னதெல்லாம் உனக்கு அந்த இடத்தில் மறந்துவிட்டது.

"என்ன இப்படிக் கேக்குறீங்க? அவங்க அங்க தனியா இருக்காங்க. சோத்துப் பானைய வடிக்கத் தெரியாது. மழைக்கு நெஞ்சுச் சளி கட்டும். கசாயம் வச்சுக் குடுக்க ஆள் இல்ல. நான் போகணும்" என்று மூச்சு விடாமல் சொன்னாயாம்.

"ஆர் தனிய இருக்கினம்?" என்று போனில் இருந்த பிள்ளை கேட்டதாம்.

"வேலாயுதம்" என்று நீ சொன்னாயாம்.

ஆபிசர் உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரித்து, முத்திரையைக் குத்தினாராம்.

கதை சொன்னபோதுகூட அந்த இடத்தில் "பேரச் சொன்னேன்" என்று மட்டும்தான் சொன்னாய். என் பேரை நான்தான் இங்கே எழுதிக்கொள்கிறேன். அன்று எவ்வளவு கெஞ்சினேன்.

"ஒரு தடவ சொல்லேன் புள்ள. என் காதுல விழல."

"அங்க கேட்டது ஆபிசர். நீங்க யாரு?" என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்து போனாய்.

யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையனும், முகம் தெரியாத ஒரு பிள்ளையும் உன் வாயால் கேட்டதை நான் கேட்கவில்லை. அந்த ஏக்கம் எனக்கு இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்திலேயே உனக்கு மார்வலி வந்தது. கொழுந்துக் கூடையோடு மலையில் உட்கார்ந்தவளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோனா சிங்களத்தில் உன் பேரைக் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. உன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை உன் பேரைக் கூப்பிட்டிருக்கிறார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு நீ முதலில் 'இந்தா புள்ள', கடைசியிலும் 'இந்தா புள்ள'. வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனபோதும் அப்படித்தான் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான்.

என் ஆயுசுக்கு ஒன்றும் வரவில்லை, புள்ள. முடிச்சு போட்டாயே, அது நன்றாகத்தான் காவல் காக்கிறது. உனக்கென்று ஒரு முடிச்சு போட நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இப்போது சோறு வடிக்கப் பழகிவிட்டேன். சில நாள் குழைந்துவிடும். மேல் மலையில் உன்னைப் புதைத்த இடத்தைக் காட்டுப்பன்றி கிளறிவிடாமல் சுற்றிலும் வேலி அடைத்திருக்கிறேன். மழையில் கம்பு சாய்ந்தால் போய் நிமிர்த்திவிட்டு வருவேன். நான் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் எவ்வளவு பார்ப்பானோ தெரியாது.

நேற்று அந்திக்கு சுகந்தி ஆபிசர் மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள். எதற்கு வந்தீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி.

"திரும்பிப் போவீங்கன்னு எப்படி நம்புறது?"

வீடு இருக்கு, தம்பி குடும்பம் இருக்கு, மரக்கறித் தோட்டம் இருக்கு என்று சொல்லச் சொல்லி அவள் பழக்கியிருந்தாள். எல்லாம் உண்மைதான். ஆனால் வாய்க்கு வந்தது வேறு.

"என் வீட்டுக்காரி அங்க தனியா இருக்கா. நான் போகணும்."

ஆபிசர் குரலெல்லாம் போய், "யாருப்பா?" என்று கேட்டாள்.

உன் பேரைச் சொன்னேன்.

அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, "அப்பா, நீங்க அம்மா பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"அங்க வந்து சொல்றேன்" என்றேன். உன் பிடிவாதம் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

பெட்டியை நான் துடைக்கவில்லை. அந்த மணத்தின் மேலேயே சட்டைகளை அடுக்கிக் கட்டிவிட்டேன். ஆபிசர் நம்புவாரோ, திருப்பி அனுப்புவாரோ, அது அவர் பாடு. ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கும்போது, நான் எந்த அட்டையையும் எடுத்து நீட்ட மாட்டேன். வாயைத் திறந்து சொல்வேன், புள்ள.