இரண்டாவது டிரைவர்

ரோலா, ஷார்ஜா
ஞாயிறு காலை

அன்பு மகள் ஹர்ஷினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், லீட்ஸில் உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன், விடவில்லையென்றால் பாலில் மிளகைத் தட்டிப் போட்டுக் குடி, மாத்திரையை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அப்பா நடுவில் புகுந்து பேச்சை முடித்துவிடுகிறார், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

ஐஸ்லாந்து பயணத்துக்கு நீ அனுப்பியதையெல்லாம் ஒரு நோட்டில் நாள்வாரியாக எழுதிவிட்டேன். தீவைச் சுற்றி ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், எட்டு நாள், எந்த நாள் எவ்வளவு தூரம், எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை எல்லாம் இருக்கிறது. ராகு காலம்தான் என்னைப் படுத்திவிட்டது. ஜூனில் அங்கே மூன்று மணிக்கே உதயமாகி நள்ளிரவில்தான் அஸ்தமனம், பகலை எட்டாகப் பங்கிட்டால் ஒரு பங்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. திங்கட்கிழமை பரவாயில்லை, எட்டேகாலுக்கு முடிந்துவிடும், அதற்குள் நாம் குளித்துச் சாப்பிட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலிலிருந்து ஒன்றரை வரை இழுக்கிறது, அன்றைக்கு அந்தப் பனிக்கட்டி மிதக்கும் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்துவிடுவோம். அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, அந்தக் குளிருக்கு ராகுவே வரமாட்டான் விடுடி என்கிறார்.

எல்லாம் சரி, அங்கே வாடகைக்குக் கார் எடுக்கும் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஓட்டுபவர் என்று அப்பா பெயர் மட்டும் இருந்தது. நீ லீட்ஸில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவள், ஐஸ்லாந்தில் நம் ஷார்ஜா மாதிரி வலப்பக்கம், அதனால் உனக்குத் தயக்கம், நியாயம்தான். நானும் ஓட்டுகிறேனே என்று அன்றைக்குப் போனில் கேட்டதற்கு, நீ பின்னாடி உக்காந்து முறுக்கு டப்பாவைப் பாத்துக்கோ என்றார் அப்பா. நீயும் சிரித்துவிட்டு, ரிஸ்க் மா, ப்ளீஸ் என்றாய். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் தடவையில்தான் லைசென்ஸ் கிடைத்தது, அது உங்கள் இரண்டு பேருக்கும் ஜோக். ஆனால் கிடைத்து நான்கு வருஷத்தில் நான் காரில் ஒரு கீறல் போட்டதில்லை. இப்போது இருக்கும் இரண்டு கீறலும் யார் போட்டது என்று அப்பாவைக் கேட்டுப் பார். உன்னிடம் அவர் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. ஜெபல் அலி வரை அவ்வளவு தூரம் ஓட்டி வேலைக்குப் போய்விட்டு வந்து காரிலிருந்து இறங்கினால் கதவைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்தவே ஒரு நிமிஷம் ஆகிறது. எட்டு நாளும் அவரே ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தாயா.

எதிர்வீட்டு நஸீராவிடம் இதைச் சொன்னேன், உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்கும் கீழக்கரைக்காரி. யல்லா, சாவிய எடுங்கக்கா, நாளைக்கே கொர்ஃபக்கான் பீச்சுக்குப் போயிட்டு வருவோம், அண்ணனப் பின்னாடி போடுங்க, முன்னாடி இருந்தா இல்லாத பிரேக்க மிதிச்சே காலு ஒடிஞ்சிரும் என்றாள். நேற்றுக் காலை பிள்ளையாரைக் கும்பிட்டு வண்டியை எடுத்தேன். அப்பா பின்னாலிருந்து லேன், லேன் என்கிறார், கேமரா இருக்கு மெதுவா என்கிறார், நான் மெதுவாகத்தான் போகிறேன். நஸீரா திரும்பிப் பார்த்து, அண்ணே கலாஸ், ஒங்க டூட்டி முடிஞ்சிருச்சு, கடலையத் தின்னுங்க என்று பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். மலைக்குள் வரிசையாகச் சுரங்கப்பாதை வருமே, முதல் இரண்டிலும் அவர் சத்தம் கேட்டது. மூன்றாவதைத் தாண்டும்போது ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், கடலைப் பொட்டலம் மடியில் இருக்க, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வேறு யார் ஓட்டும் காரிலும், டாக்ஸியில்கூட, அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை ஹர்ஷினி. கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டேன், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கொர்ஃபக்கானில் கடலைப் பார்த்துவிட்டு, வந்துட்டமா என்று கேட்டார், அவ்வளவுதான். திரும்பும்போது யாரும் சொல்லாமலே போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஐஸ்லாந்து ரோட்டு விதிகளையும் படித்துவிட்டேன். ஒற்றை வண்டிப் பாலத்தில் யார் முதலில் நெருங்குகிறார்களோ அவர்களுக்கு வழி. காற்றடிக்கும்போது கதவைக் கையால் இறுக்கிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் தாய் ஆடும் அந்தப் பக்கம் குட்டியும் நின்றால் குட்டி குறுக்கே ஓடிவரும், வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

புதன்கிழமைக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும் என்றாயே, என் லைசென்ஸின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது டிரைவர் என்ற இடத்தில் என் பெயரை, அதில் இருக்கிற மாதிரியே எழுது. அப்பாவிடம் கேட்க வேண்டாம், நான் சொல்லிவிட்டேன், பேப்பரை மடித்துவிட்டு, ம் என்றார். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எனக்கே நேராகச் சொல். எனக்கும் பயம் உண்டு கண்ணு, அதை வைத்துக்கொண்டுதான் நேற்று நூற்றெண்பது கிலோமீட்டர் ஓட்டினேன்.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சாக்ஸ் மூன்று ஜோடி வாங்கி வை. முருகன் உன் கூடவே இருப்பான்.

உன் அம்மா,
நளினி பாலமுரளி
(லைசென்ஸில் இப்படித்தான் இருக்கிறது)