சாந்தாமணி அக்காவும் டபுள் பாஸும்

என் உயரமான அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. நீ இறந்த செய்தியைப் பேப்பரில் 'வயலின் கலைஞர் காலமானார்' என்று போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "வயலின் இல்லீங்க, டபுள் பாஸுங்க. வயலின் மாதிரியேதான், ஆள் உசரத்துக்கு மேல நிக்குமுங்க" என்று வாசலில் நின்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவேன்? நீ இருந்திருந்தால், "உடுடா, தாத்தனைப் பேரன்னு சொல்லிப்போட்டாங்க" என்று சிரித்திருப்பாய்.

அந்த உயரம்தானே உன்னை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்லூரியில் மேற்கத்திய இசைக் குழுவில் பாடத்தான் நீ பேர் கொடுத்தாய். மூலையில் துணி மூடிக் கிடந்த பெரிய வாத்தியத்தை வாசிக்க ஆள் இல்லை. குழுவை நடத்தியவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீதான் உயரமா இருக்கே, நீ வந்து நில்லு" என்றாராம். வாசிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "ஒரு கம்பியை இழுத்தாப் போதும் தம்பி, எலும்புக்குள்ள கேக்குது" என்றாய். அதுவரை உன் உயரத்தைப் பற்றி நம் வீட்டில் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளை உன்னைவிடக் கட்டை என்று தெரிந்து, எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லி அம்மா உன்னை உட்கார வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருக்காமல், "பொண்ணு ஏதோ வாத்தியம் வாசிக்குமாமுங்களே, ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க" என்றார். நீ எழுந்துவிட்டாய். லீவுக்காகக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த டபுள் பாஸை நானும் நீயும் உள்ளறையிலிருந்து தூக்கி வந்தோம். மாப்பிள்ளை தன்னை அறியாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். நீ வாசித்து முடித்ததும் அந்தம்மா வயிற்றைத் தடவிக்கொண்டார். "வயித்துக்குள்ள கிர்ருங்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர்களிடமிருந்து தகவலே வரவில்லை. அம்மா உன்னோடு பேச்சை நிறுத்தினாள். அப்பாதான், "உடு அம்மிணி, அந்தப் பையன் மூஞ்சியில ஒரு களையே இல்லை" என்றார்.

அப்புறம் சென்னை. சினிமாப் பாட்டு ஒலிப்பதிவில் கடைசி வரிசையில் நின்று வருஷக்கணக்காக வாசித்தாய். எந்தெந்தப் பாட்டில் நீ இருக்கிறாய் என்று உனக்கே சரியாகத் தெரியாது. அப்பாவின் பட்டறையில் ரேடியோ பாடினால் நான் பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் எங்கேயாவது நீ இருக்கிறாயா என்று தேடிக்கொண்டிருப்பேன்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போய்த் திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாய். "இனிப் பின்வரிசை இல்லடா. இதை முன்னால நின்னு தனியா வாசிக்கறதுக்குன்னே எழுதின இசை இருக்குது. நம்ம ஊர்ல யாரும் கேட்டதில்லை" என்றாய். சென்னையில் கச்சேரி ஏற்பாடு செய்யும் ஒருவர், "டபுள் பாஸ்ல சோலோவா? யானையை ஓட்டப்பந்தயத்துல விடற மாதிரி இருக்கு" என்று சிரித்தாராம். பியானோ வாசிக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்து நீயே ஒரு அரங்கத்தைப் பிடித்தாய்.

அப்பாவுக்கு அதற்குள் காது போய்விட்டிருந்தது. ஆயுசு முழுக்கப் பட்டறையில் தகடு அடித்த காது. பெண்கள் பேச்சு, போன் மணி எதுவும் அவருக்கு எட்டாது; இடி, லாரி உறுமல் மாதிரிக் கனத்த சத்தம் மட்டும் லேசாக எட்டும். அம்மா எவ்வளவு கத்தினாலும் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். கச்சேரிக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு என்ன கேக்கப் போகுது கண்ணு, நான் வந்து என்ன பண்றது" என்று மறுத்தார். பட்டறை வேனில் உன் வாத்தியத்தை ஏற்றிய கையோடு அவரையும் ஏற்றினேன்.

முன்வரிசையில் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பியானோ ஆரம்பித்தபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நீ வில்லை வைத்து அந்த முதல் ஸ்வரத்தை நீளமாக இழுத்தாய். அப்பா கட்டியிருந்த கையை எடுத்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதுடா. அம்மிணி வாசிக்கறது எனக்குக் கேக்குதுடா" என்றார்.

காது கேட்காதவர் அல்லவா, தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அரங்கமே திரும்பிப் பார்த்தது. நீயும் மேடையிலிருந்து பார்த்தாய். வில் மட்டும் நிற்கவில்லை. அன்று நீ அழுதாயா, அக்கா? விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ மேடை. யானை என்று சிரித்த அந்தச் சென்னைக்காரரே பிற்பாடு உன்னைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். அம்மா படுக்கையில் விழுந்ததும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தாய். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகும் நீ திரும்பிப் போகவில்லை. பட்டறைக்கு மேலே இருந்த அறையில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய். கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். முதல் நாள் யார் கையிலும் நீ வில்லைக் கொடுத்ததில்லை. "அதைக் கட்டிப்புடிக்காதீங்க. அது உங்க மேல சாயக்கூடாதுங்க, நீங்களும் அது மேல சாயக்கூடாது. மொதல்ல நிக்கப் பழகுங்க" என்பாய். காந்திபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் வித்யா, நிற்பதற்கே பயந்து ஓடப் பார்த்தவர், கடைசியில் உன் மாணவர்களில் மூத்தவராகிவிட்டார்.

பக்கவாதம் வந்து உன் இடது கை விழுந்தபோது எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். தந்தியை அழுத்த விரலில் பலமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நீயோ, "வலது கை நல்லாத்தானே இருக்குது" என்றாய். கொஞ்ச நாள் கழித்து வித்யாவை வரச் சொன்னாய். நீ ஸ்டூலில் உட்கார்ந்து வில்லைப் பிடித்தாய். அவர் பக்கத்தில் நின்று, உன் இடது கை இருக்க வேண்டிய இடத்தில் தன் இடது கையை வைத்தார்.

முதலில் எதுவும் சேரவில்லை. "நீங்க எப்ப இழுப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியுமுங்க டீச்சர்?" என்றார் வித்யா.

"நான் மூச்சு எடுக்கறதைக் கேளுங்க. மூச்சு வந்தா வில்லு வருமுங்க."

அப்புறம் வந்தது. காபி டம்ளரோடு நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டால் ஒருவர் வாசிப்பதாகத்தான் தோன்றியது. முடிந்ததும் வித்யா அழுதுவிட்டார். நீ அவரை விடவில்லை. "நடுவுல ஒரு எடத்துல சுதி எறங்கிப்போச்சுங்க. அதை மொதல்ல சரி பண்ணலாம். அழுவறதை அப்பறம் வெச்சுக்கலாமுங்க."

நீ போன பிறகு மாடியைப் பூட்டிவிட்டேன். எனக்கு அந்த அறைக்குள் போகத் தைரியம் இல்லை. டியூஷன் நடத்தும் ஒருவர் இடத்தை வாடகைக்குக் கேட்டார். நானும் சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான், போன சனிக்கிழமை, ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். மில்லில் சூப்பர்வைசராம்.

"ஏனுங்க, சாந்தாமணி டீச்சர் ஊடு இதுதானுங்களா? அவங்க வாசிக்கற வீடியோ ஒண்ணு பாத்தேனுங்க. ரெண்டு நாளாத் தூக்கம் வரலீங்க. இந்த வயசுல என்னையச் சேத்துக்குவாங்களா?"

நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு வித்யாவுக்குப் போன் செய்தேன். கிளினிக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தவர், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண், "டீச்சர்கிட்டப் படிச்சவங்க யாராச்சும் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டார்.

வித்யா என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, மாடிச் சாவி எங்கீங்க?"

சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். கால் தானாக ஏறிவிட்டது. ஜன்னல்களைத் திறந்தேன். உள்ளே உன் தைல வாசனை இன்னும் இருந்தது. டபுள் பாஸ் மேல் போர்த்தியிருந்த பவானி ஜமக்காளத்தை எடுத்து உதறினேன். தந்திகள் தளர்ந்து போயிருந்தன. வித்யா ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தார். சேர்த்து முடித்ததும் அவர் வாசிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வாத்தியத்தின் பக்கத்தில் நிற்க வைத்தார்.

டியூஷன்காரரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், அக்கா. சனிக்கிழமை தவறாமல் மாடி திறந்திருக்கும். தந்தி அறுந்தால் எந்த ஊரிலிருந்தானாலும் வரவழைப்பேன். மழைக்கு வாத்தியத்தின் மரம் ஊதினால் சரி பார்க்க ஆளைக் கூட்டி வருவேன். யாருமே வராத சனிக்கிழமையிலும் விளக்கைப் போட்டுவிட்டு நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

என்றும் உனக்குப் பின்னால் பிறந்த,
உன் தம்பி பழனிச்சாமி