பெல்ட் மூடியின் நான்கு போல்ட்டுகள்

அன்புள்ள நண்பருக்கு,

இன்று உங்கள் அரவை மில்லில் ஆயுத பூஜை. சாமைத் தவிட்டின் வாசனையோடு சந்தனமும் கலந்து வாசல்வரை வந்தது. நீங்கள் இல்லாத முதல் பூஜை. உங்கள் மகள் எனக்கு நாற்காலி போட்டாள். நான் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் பூஜைக்கு முதல் நாள் பெல்ட்டின் இரும்பு மூடியைக் கழற்றச் சொல்வீர்கள். சக்கரத்துக்கே பொட்டு வைக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். திரும்ப நான்கு போல்ட்டுகளை முடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பொங்கல்வரை மூடி சுவரில் சாய்ந்து கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு வருடம்தான், மில்லில் வேலை பார்த்த முனியம்மாவின் முந்தானையைப் பெல்ட் இழுத்தது. விடுவிக்கப் போன வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும் பயந்துபோனீர்கள். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் சொல்வதுபோல் ஒரு வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன்: "முதலாளி எச்சரித்தும் கேளாமல் மூடியை நானே கழற்றினேன்." அந்த ஒரு வரி அவளுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டையே இல்லாமல் செய்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன்.

இருவரும் மலையிறங்கிப் போளூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படித்துக் காட்டினேன். முனியம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"ஆமா சார், நான்தான கழட்டுனேன். எடது கையில ரேகை வெச்சுடறேன். மில்லுல வேற எதுனா வேல மட்டும் குடுங்கண்ணா."

நீங்கள் மைப்பெட்டியை மூடினீர்கள்.

"இன்னா வாத்தியாரே, ஒங்க கிளாசுல ஒடஞ்ச பெஞ்சு ஆணி ஒரு பொண்ணு கால்ல குத்துச்சே. அந்தப் பொண்ணு மேலயா எழுதுனீங்க?"

"இல்ல. எச்.எம். என்னத்தான் கேட்டாரு."

"அப்ப? கழட்டச் சொன்னவன் நானு. திருப்பி மாட்டுனாங்களான்னு பாக்காதவனும் நானு. எச்சரிச்சேன்னு எழுதிக்கீறீங்களே, எப்ப எச்சரிச்சேன்?"

தாளைக் கிழித்தீர்கள். "கையெழுத்து மட்டும் நல்லாத்தான் கீது" என்று ஒரு குத்தல் வேறு.

ஓடும் சக்கரத்தை மூடிவைப்பதும், மூடி இருக்கிறதா என்று பார்ப்பதும் முதலாளியின் கடமை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதிகாரி அதை எடுத்துச் சொல்லுமுன்பே நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். மில் சில வாரங்கள் பூட்டிக் கிடந்தது. முனியம்மாவுக்கு இழப்பீடும் கிடைத்தது, எடை போடும் வேலையும் கிடைத்தது.

இன்று சந்தனக் கிண்ணத்தை எடுத்தது அவள்தான். எஞ்சிய மூன்று விரல்களால் மூடியின் மேலேயே பொட்டு வைத்தாள். போல்ட் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சுச்சு போடும்மா" என்றாள் உங்கள் மகளிடம். அதுவரை யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் உங்கள் குரலில் ஒரு "எப்ப?" கேட்கிறது. பதில் கிடைக்காத வரியை நான் எழுதுவதில்லை.