லீவு கேட்டால் செத்துப்போகும் டெலிபோன்

ஏற்காடு, 4.12.1983

அன்புள்ள தேவகுமாரிக்கு,

உன் முட்டிவலியும் நம் பிள்ளைகளின் சளியும் தேவலையா? மாதா புண்ணியத்தில் நான் சுகம், என் தொப்பையும் சுகம்.

எஸ்டேட் பங்களா டெலிபோன் ஒரு மாதமாக விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. சென்னையிலிருக்கும் முதலாளியிடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர லீவு கேட்க வாயெடுத்தால் போதும், லைன் செத்துவிடும். ரிசீவரைத் தட்டினேன், ஒயரை முறுக்கினேன், ஜெபமும் பண்ணினேன். பிறகுதான் உறைத்தது, காற்றடிக்கும்போது மட்டுமே கோளாறு. கம்பியின் கூடவே நடந்து பார்த்தால், செம்மநத்தம் வளைவில் ஒரு மரக்கிளை அதில் உரசுகிறது. வாட்ச்மேன் மூக்கனை ஏற்றி வெட்டவைத்தேன்.

அன்று மாலையே முதலாளியின் குரல் கணீரென்று வந்தது. லீவு கேட்டேன்.

"லைன் இப்பதான் நல்லா இருக்கே, சூசை! காப்பிப் பழம் பறிக்கிற நேரம், கணக்கெழுத ரைட்டர் வேணும். தினமும் கூப்பிடுவேன், போனைவிட்டு நகராதே!"

மூக்கனுக்கே மனசு கேட்கவில்லை. "ஏனுங்க ரைட்டரே, அந்தக் கிளைய மறுக்காக் கட்டிப்போடட்டுங்களா?" என்கிறான்.

இதோ, போன் மறுபடி அடிக்கிறது. கம்பளிக் குல்லாயும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சலில் அனுப்பு. பண்டிகைக்கு முந்தின நாள் தபாலாபீஸிலிருந்து ஒரு டிரங்க் கால் போட்டு, பிள்ளைகளைப் பேசவிடு. லைன் நன்றாக இருந்தும் நடுவில் என் சத்தம் நின்றுபோனால், லைன் போய்விட்டது என்றே அவர்களிடம் சொல்லிவிடு.

அவசரத்தில்,
சூசைமாணிக்கம்