குசினியில் கேட்ட வாக்கு

சனிக்கிழமை இரவு, ஸ்ட்ராத்ஃபீல்ட்.

கவுன்சில் தேர்தலில் எங்கள் கட்சி யாரை நிறுத்துவது என்று கிளை உறுப்பினர்கள் அடுத்த வாரம் வாக்களிக்கிறார்கள். நானும் ரவியும் போட்டியிடுகிறோம். ஆதரவு கேட்டு இன்று சிவராசா அங்கிள் வீட்டுக்குப் போனேன். கிளையிலுள்ள தமிழ் வாக்கெல்லாம் அவர் கையில் என்று பேச்சு.

கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு நேராகவே சொன்னார். "பிள்ளை, இந்தமுறை ரவிக்கு விட்டுக்குடும். அடுத்தமுறை உமக்குத்தான்."

போன முறையும் இதையேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் விலகமாட்டன் அங்கிள்."

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் உமக்குப் போடாயினம்."

தேநீர்க் கோப்பையை வைக்கக் குசினிக்குப் போனேன். அன்ரி தோசை சுட்டுக்கொண்டிருந்தார். கிளையில் தன் பக்கம் ஆள் கூடட்டும் என்று அங்கிள்தான் அவரையும், தன் கூட்டாளிகளின் மனைவிமாரையும் உறுப்பினராக்கியவர். கூட்டத்துக்கு வடை கொண்டுவருவார்கள். வாக்கு யாருக்கு என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"அன்ரி, நீங்கள் எனக்குப் போடுவீங்களோ?"

அடுப்பைக் குறைத்தார். "இத்தனை வருசத்தில ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. போடுறன் பிள்ளை. மற்றப் பொம்பிளையளுக்கும் போன் எடுத்துச் சொல்லுறன்."

நல்லவேளை, ரகசிய வாக்கெடுப்பு. இல்லையென்றால் அன்ரியின் பாடு...

முன்னறையில் அங்கிள் போனில் ரவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓம், ஓம், ஒரு வோட்டும் சிதறாது."

சிதறாதுதான். அன்ரியிடம் ஒரு தோசை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.