நாலரை மணி கூட்டச் சொன்னேன்

இன்று காலை போடி பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. இந்த ஞாயிறு லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள், நம் மென்பொருளில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று. வருஷா வருஷம் ஐப்பசியில் வருகிற செய்திதான். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

தேவாரத்தில் உன் தோட்டத்துக்கு மேலே மலையடிவாரத்தில் கேமரா வைத்தோமே. யானை அதைத் தாண்டினால் ஊர்க்காரர்கள் போனுக்கெல்லாம், தாண்டிய நேரத்தோடு தகவல் போகும். அதற்கு மென்பொருள் எழுதியவன் நான். கூடப் படித்தவன் என்று பெருமையாக என்னை அங்கே இழுத்துப் போனவன் நீ. நான் வாடகைக்கு எடுத்த கணினி லண்டனில் இருந்ததால் அது அந்த ஊர் நேரத்தையே அனுப்பியது. முதல் தகவல் வந்ததுமே கூப்பிட்டாய்.

"மாப்ளே, யானை வந்தது விடியக்கால. உன் மெசேஜு நடுச்சாமம்னு சொல்லுது. இது எந்த ஊரு யானைடா, லண்டன் யானையா?"

சிரித்தேன். திருத்துவது அரைநாள் வேலை. "வேற சோலி கெடக்குடா. இப்போதைக்கு நாலரை மணி நேரம் கூட்டிக்க" என்றேன். நீ அதை ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாய். யாராவது மணி கேட்டால்கூட, "லண்டன் மணியா, தேவாரம் மணியா?" என்று வம்பிழுப்பாயாம்.

அது ஆடி மாதம். வெயில் காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்திருப்பார்கள். ஐப்பசியில் பழையபடி இழுத்துவிடுவார்கள். அப்புறம் கூட்ட வேண்டியது ஐந்தரை. இது எனக்குத் தெரியாததா? எனக்குச் சோறு போடுவதே இந்தக் கணக்குதான். அந்த வருஷமும் அலுவலகச் செய்தி வந்தது. யார் யாருக்கோ உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தேன். உன் நினைப்பு வரவே இல்லை.

கேமராவைத் தாண்டிய யானை ஒரு மணி நேரத்தில் ஓடையைக் கடந்துவிடும், அதுவரை யாரும் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. டவர் சரியில்லாததால் தகவல் முன்னே பின்னே வந்து சேரும். அதில் இருக்கும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும். அந்த ஐப்பசியில் லண்டன் கடிகாரம் மாறிய பிறகு முதல் தகவல் வந்த அன்று, விடியற்காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போனை எடுத்துப் பார்த்தாய். பன்னிரண்டு என்று இருந்தது. கூட்டினாய். "நாலரைக்கே தாண்டிருச்சு. வெரசா மோட்டாரப் போட்டுட்டு வந்துர்றேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாய். அது தாண்டியது ஐந்தரைக்கு. உன் மக்காச்சோளத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில், யானை ஐந்தரைக்குக் கேமராவைத் தாண்டியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக வனக்காவலர் சொன்னார். "தூக்கக் கலக்கத்துல தப்பாக் கூட்டிட்டான், பாவம்" என்றது ஊர். தன் போனை எடுத்து யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மென்பொருளைத் திருத்தினேன். அரைநாள்கூட ஆகவில்லை.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. இன்று டீயை வைத்துவிட்டு தேவாரம் பஸ் ஏறினேன். உன் மனைவி வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அவன் சரியாத்தான் கூட்டுனான். நான் சொல்லிக் குடுத்த கணக்குதான் தப்பு."

அவளுக்குப் புரியவில்லை. லண்டன், கடிகாரம், ஐப்பசி என்று முதலிலிருந்து சொன்னேன். சோளம் உதிர்த்த அவள் கை நின்றுபோனது.

"அப்ப இத்தன வருசமா அவரையில்ல வஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒரு கூட்டல் ஒழுங்காப் போடத் தெரியாம எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளேன்னு, படத்துக்கு முன்னாடி நின்னு தெனமும் வைவேண்ணே."

அந்த வசவில் ஒன்றுகூட உனக்குச் சேர வேண்டியதில்லை. எல்லாம் எனக்குரியது. இனியாவது என்னை வைவாள் என்று நின்றுகொண்டே இருந்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மழ வருதுண்ணே, வெரசாப் போயி பஸ்சப் பிடிங்க" என்றாள்.